சந்தனப் பொட்டு வைத்த இசைத்தட்டு

ஜூலை முதல் தேதி மான்ட்ரியாலில் பாதி ஊர் வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்கள் அதற்கு முந்தின நாளோடு முடிந்துவிடும். கட்டிலும் ஐஸ்பெட்டியும் லாரியில் ஏறும். ஏறாததெல்லாம் நடைபாதையில் கிடக்கும். ஒலிம்பிக் நடந்த வருடம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெருத்தெருவாகக் கழுவினார்கள். அப்போதும் அந்தக் குப்பை குறையவில்லை.

அதிலிருந்து நான் எடுப்பது ஒன்றைத்தான். சின்ன இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு, நடுவில் எலுமிச்சம்பழம் நுழைகிற ஓட்டை. வந்த மாதம் ஊரே அதைப் பாடும். ஆறு மாதத்தில் சீந்துவாரில்லை. பிள்ளைகள் பார்ட்டிக்குக் கொண்டுபோகும்போது மாறிவிடக் கூடாதென்று மேலே பெயர் எழுதியிருப்பார்கள். என்னிடம் ஒன்று இருந்தது. 'இது லிஸுடையது. ழாக், தொடாதே' என்று நீல மையில் எழுதியிருக்கும். லிஸ் அடிக்கப்பட்டு, கீழே ழாக் என்று இருக்கும். நடுவில் என்ன நடந்ததோ! காபிக்கடைப் பாட்டுப்பெட்டியிலிருந்து கழித்த தட்டுகளில் முன்பக்கம் சாம்பல் பூத்துத் தேய்ந்திருக்கும். பின்பக்கத்தை ஒருவரும் காசு போட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பின்பக்கத்தைத்தான் முதலில் கேட்பேன். பின்பக்கமாகவே பிறந்தவர்கள்மேல் எனக்கு ஒரு பரிவு.

"எம்.எஸ்ஸி. படிச்சுட்டுக் குப்பை பொறுக்கறா பாரு" என்பார் சரளாக்கா. ஊரின் வடக்கே அஹுன்ட்சிக் பேட்டையில் அவர்கள் வீட்டு நிலவறையில்தான் நான் குடியிருந்தேன். அவர் கணவர் மணிவாசகம் டாக்டர்.

"போடறவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. பொறுக்கறவளை மட்டும் சொல்லுங்க" என்பேன்.

"பேச்சின்னு பேரு வச்சதுக்கு வஞ்சனையில்லாம பேசற."

என் முழுப்பெயர் பேச்சியம்மாள். நான் வேலை பார்த்த வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எவருக்கும் அது வாயில் நுழையவில்லை. நானும் அவர்களுக்காக அதைச் சுருக்கவில்லை.

ஹாலில் டாக்டருடைய ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. வாரம் முழுக்க அதில் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எனக்கு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியை ஒரு வரி முன்னே வைத்து, ஒரு வரி பின்னே வைத்து, அப்படித்தான் பிரெஞ்சு படித்தேன். காதலில் தோற்றவள் பேசும் பிரெஞ்சு எனக்கு அத்துப்படி. தபால் ஆபீசில் பேசும் பிரெஞ்சு பிறகுதான் வந்தது.

அந்த ஒலிம்பிக் வருட ஜூலையில் வில்லரே பேட்டையில் ஒரு ஷூ பெட்டி கிடைத்தது. அதில் உறையில்லாத தட்டு ஒன்று. 'கோலெத்தும் மிரேயும்' என்று அச்சடித்திருந்தது. யாரும் கேள்விப்படாத கம்பெனி. இரண்டு பெண்கள், ஒரு கிட்டார், பனியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பற்றி ஒரு பாட்டு. மூன்றாவது அடியில் ஒருத்தி தப்பான இடத்தில் நுழைந்துவிட்டுச் சிரித்துவிடுகிறாள். மற்றவள் விடாமல் பாடிக்கொண்டே போகிறாள். அதை அழித்து மறுபடி எடுக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே இருபது தடவை கேட்டேன். யார் இவர்கள் என்று பழைய சாமான் கடைகளில் காட்டிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில், அப்படி ஒரு கடையிலிருந்து திரும்பும் வழியில் ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். சின்னக் கத்தரிக்காய் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும். கடைக்காரியின் முகம் இரண்டு வருடமாகத் தெரியும், பெயர் தெரியாது. பையில் காய்க்கு இடம் பண்ணத் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவள் தராசிலிருந்து கையை எடுத்தாள். ஏப்ரனில் இரண்டு கையையும் துடைத்தாள். ஆனால் தட்டைத் தொடவில்லை.

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"தெருவில. வீடு மாறுற அன்னைக்கு. இந்த ரெண்டு பேரையும் தெரியுமா?"

"கோலெத் நான்தான்" என்றாள்.

பின்னால் நின்ற கிழவர், "மதாம், என் தக்காளி?" என்றார்.

"இருங்க மிஸ்யே, தக்காளிக்குக் கால் முளைக்கலை."

ஆட்களுக்குக் காய் போட்டபடியே துண்டு துண்டாகச் சொன்னாள். மிரே அவள் தங்கை. மாதா கோயில் கூடத்தில் நடந்த போட்டியில் பாடி, பரிசாக ஒரு தட்டு போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் படியில் நின்று விற்றார்கள். பிறகு மிரேக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு நடை வருவதற்குள், உறைபனியில் வழுக்கிய ஒரு காரில் மிரேயின் உயிர் போய்விட்டது.

"அந்த வருஷம் வீடு மாறினப்ப மிச்சத் தட்டெல்லாம் நான்தான் தெருவில வச்சேன். எனக்கு அதைக் கேக்க முடியலை. இப்ப நதாலிக்கு எட்டு வயசு. அம்மா குரல் எப்படி இருக்கும்னு கேக்கிறா. போட்டோ காட்டினா, 'இது பேசாதே'ங்கிறா. நானும் தேடாத இடமில்லை."

தட்டை அவள் பக்கம் தள்ளினேன். "கொண்டுபோங்க."

"வேண்டாம் மத்மொசெல். எங்க வீட்டில போட்டுக் கேக்கப் பெட்டி இல்லை. இங்க வெயில்ல வச்சா வளைஞ்சிடும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடிட்டு அவளைக் கூட்டிட்டு வரட்டுமா?"

காகிதப் பையில் விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பியபோது சாயங்காலம். கதவைத் திறந்ததும் சாம்பிராணி. அன்று சரஸ்வதி பூஜை என்பதே எனக்கு மறந்திருந்தது. ஹாலில் சரஸ்வதி படம், முன்னால் டாக்டரின் தடித்தடிப் புத்தகங்கள், பொட்டு வைத்த ஸ்டெதஸ்கோப், நிலவறையிலிருந்து ஏறி வந்த என் வேதியியல் புத்தகங்கள். அவற்றுக்கு முன்னால், தாமரை இதழ் போல வட்டமாக, என் இசைத்தட்டுகள். உறையிலிருந்து உருவியவை. ஒவ்வொன்றின் கறுப்பு முகத்திலும் ஈரச் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"என்ன செஞ்சு வச்சிருக்கீக!"

"ஏன்டி கத்தற? படிக்கறதை எல்லாம் வைக்கணும். நீ பிரெஞ்சு கத்துக்கிட்டது இதுலதானே? அப்ப இதுவும் புஸ்தகம்தான். கவரோட வைக்கலாம்னு பாத்தேன். பாதிக்குக் கவர் இல்ல. இருக்கறதுல ஒருத்தி தொடை தெரியப் பாவாடை போட்டுட்டு நிக்கறா. அவளை எப்படி சரஸ்வதி முன்னாடி வைக்கறது?"

"பாட்டு அந்தக் கோட்டுக்குள்ளதான் இருக்கு அக்கா! அதுலயே அப்பியிருக்கீகளே!"

"துடைச்சாப் போயிடும். ஸ்டெதஸ்கோப்புக்கும்தான் வச்சேன்."

எங்கள் ஊரில் அப்பாவின் சைக்கிள் கடையில் ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்கும் காற்றடிக்கிற பம்புக்கும் இப்படித்தான் பொட்டு வைப்போம். மறுநாள் பழைய பனியனால் ஒரு துடை. ஸ்பேனர் பாடாது, அதனால் வம்பில்லை.

கோலெத்தின் தட்டைத் தேடினேன். பொட்டு சரியாக மூன்றாவது அடியின்மேல் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினேன். சரளாக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலைல புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

"நாளைக்குள்ள காஞ்சு கல்லாயிரும்."

"ஒரு குப்பைத் தட்டுக்கா இந்த ஆட்டம்?"

"குப்பையில்ல. ஒரு பிள்ளையோட செத்துப்போன அம்மா அது. நாளைக்கு மத்தியானம் அந்தப் பிள்ளை வருது. பிறந்து இன்னைக்கு வரை அம்மா குரலைக் கேட்டதில்லை. உலகத்துல இது ஒண்ணுதான் கிடைச்சிருக்கு. அதுமேல நீங்க சந்தனம் பூசி வச்சிருக்கீக."

பிடி தளர்ந்தது.

"கேட்டதே இல்லையா?"

"கைக்குழந்தையா இருக்கும்போது கேட்டிருக்கும். அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

அவர் அடுக்களைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார், நாம் எடுத்துவிடலாம் என்று நான் குனிந்தபோது திரும்பி வந்துவிட்டார். கையில் ஒரு கிண்ணம் பால், சர்க்கரை, கற்பூரத் தட்டு. தரையில் உட்கார்ந்து, புனர்பூஜையில் செய்வதுபோல அந்த ஒரு தட்டை மட்டும் ஒரு விரற்கடை வடக்கே நகர்த்தினார்.

"தாயே, இந்த ஒண்ணுக்கு மட்டும் இன்னிக்கே விஜயதசமி. மத்ததெல்லாம் நாளைக்கு" என்று சொல்லிக் கற்பூரம் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ம், எடு. மசமசன்னு நிக்காத."

இது எந்தச் சாஸ்திரம் என்று நான் கேட்கவில்லை. வாயை மூடத் தெரியாதவள் என்று என்னைச் சொல்பவர்கள் அன்று பார்த்திருக்க வேண்டும்.

தட்டின் நடுவிலுள்ள காகித வட்டம் நனையாமலிருக்க ஊறுகாய் பாட்டில் மூடியைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார் சரளாக்கா. நான் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, கோட்டின் போக்கிலேயே தேய்த்தேன். குங்குமத்தில் இருக்கிற மஞ்சள் சோப்புப் பட்டதும் ரத்தமாகச் சிவந்து ஓடியது.

"ஐயோ, என்னடி இது?"

"வெறும் சாயம். கறை ஒண்ணும் செய்யாது. சந்தனம்தான் பயம். மரத்தூள் ஆச்சே, இண்டுல போய் உக்காந்துக்கும்."

மணிவாசகம் டாக்டர் எட்டிப் பார்த்தார். "அது என் ஷேவிங் பிரஷ் மாதிரி இருக்கே?"

"மாதிரி என்ன, அதேதான்" என்றார் சரளாக்கா. "வீட்டுல அதுதான் மெத்துனு இருக்கு. நாளைக்கு ஒரு நாள் தாடியோட இருங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது."

நிமிர்த்தி வைத்து உலர்த்தினோம். காலையில் போட்டுச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பாட்டு போயிருந்தால், வர வேண்டாம் என்று சொல்ல கோலெத்தின் டெலிபோன் எண்கூட என்னிடம் இல்லை.

ஞாயிறு மதியம் அவர்கள் வந்தார்கள். கோலெத் ஒரு பெரிய பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நதாலி ஒல்லியாக, முன்பல் ஒன்று விழுந்து, மேல்கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று நின்றாள். சரளாக்காவுக்குப் பிரெஞ்சு 'போன்ழூர்', 'மெர்சி' இரண்டோடு சரி. சுண்டலைக் கிண்ணத்தில் போட்டுக் கையில் கொடுத்தார். அவள் ஒவ்வொரு கடலையாக எடுத்து ஆராய்ந்து தின்றாள்.

நடு ஓட்டைக்குப் பிளாஸ்டிக் வில்லை மாட்டித் தட்டை வைத்தேன். ஊசி இறங்கியது. கிட்டார் வந்தது. இரண்டு பெண்கள் பாடினார்கள், சுத்தமாக. கோலெத் தலையைக் குனிந்துகொண்டாள். முதல் அடி, இரண்டாம் அடி. பிறகு ஆரம்பித்தது, டக். தட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் மறுபடி டக். டக். டக்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. சரளாக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த டக்குக்கு அவர் வலது கை தானாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நதாலி என்னிடம், "யார் கதவைத் தட்டறது?" என்றாள்.

"என்ன கேக்கறா?" என்றார் சரளாக்கா.

"அந்த டக் டக் என்னன்னு கேக்கிறா."

"சந்தனம்னு சொல்லு."

"சந்தனத்துக்குப் பிரெஞ்சுல என்னன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப என்னைக் காட்டு" என்றார்.

நான் காட்டினேன். நதாலி அவரையும் தாளம் போடுகிற கையையும் பார்த்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அந்த நேரம், ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவே, சிரிப்பு வந்தது. முழுசாக வந்தது.

"யாரு சிரிச்சது?"

"உங்கம்மா" என்றாள் கோலெத். "அவசரக்குடுக்கை. நான் நுழையறதுக்கு முன்னாடியே நுழைஞ்சிட்டா."

பாட்டு முடிந்தது. நதாலியின் முகம் தெளியவில்லை.

"சிரிச்சது தெரிஞ்சுது. பாடறப்ப எது அம்மா? ரெண்டு பேரும் ஒட்டிட்டு வராங்க."

"மேல போற குரல்."

"எது மேல? எனக்குத் தெரியலை கோலெத்." உதடு பிதுங்க ஆரம்பித்தது. "நீ பாடு. உன்னோடது எதுன்னு தெரிஞ்சா மிச்சம் அம்மா."

கோலெத் என்னைப் பார்த்தாள். அதில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. "நான் பாடி வருஷக்கணக்காச்சு செல்லம்" என்றாள். நதாலி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். நான் ஊசியைத் திரும்ப முதலில் வைத்தேன்.

முதல் வரியில் கோலெத்துக்குக் குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. இரண்டாவது வரியில் கரகரவென்று பிடித்துக்கொண்டது. சந்தையில் கூவிக் கூவித் தடித்த குரல். தட்டிலிருந்த பதினெட்டு வயதுக் கோலெத்தின் குரல்மேல் அது போய் உட்கார்ந்ததும், கீழே போன குரல் முழுக்க ஒரே ஆளானது. மற்றது தனியாக மேலே கழன்று வந்தது. மெல்லிசாக, கொஞ்சம் மூக்கால், எங்கும் நில்லாமல். நதாலி கண்ணை மூடியிருந்தாள். விரலை மெல்லத் தூக்கி அந்தக் குரல் போகிற பக்கமெல்லாம் காற்றில் கோடு இழுத்தாள். சந்தனம் வந்தது, சரளாக்காவின் கை விழுந்தது, சிரிப்பு வந்தது. விரல் சிரிப்போடு ஒரு துள்ளு துள்ளிவிட்டு மறுபடி கோட்டைப் பிடித்துக்கொண்டது.

முடிந்ததும் நதாலி எழுந்து மேல்கோட்டைக் கழற்றினாள். என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

கோலெத் கண்ணைத் துடைத்துவிட்டு மூச்சை இழுத்தாள்.

"நீ பாடாதே கோலெத்" என்றாள் நதாலி. "இப்ப எனக்குத் தெரியும்."