வெட்டியெறிந்த வரி

அந்த இரத்தப் பரிசோதனை லேப்பில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு 'சர்வரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள். அங்கிருந்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்கும் சொந்தமாக டிஸ்க் கிடையாது. பட்டனை அமுக்கியதும், உடுத்தும் துணி முதற்கொண்டு எல்லாவற்றையும் பின்னறைச் சர்வரிடம் ஒயர் வழியாகக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அவை கண் விழிக்கும். யாரிடம் கேட்பது, எந்த வழியாகப் போய்க் கேட்பது என்பதெல்லாம் ஒரு சின்ன ஃபைலில் எழுதியிருக்கும்.

அந்த ஃபைலைத் திறந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து வருஷமாக வந்தவர் போனவர் எல்லாம் ஆளுக்கு ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சர்வரின் முகவரி மட்டும் மூன்று இடத்தில். ஒருநாள் மத்தியானம் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்து இருபத்தொரு வரியை ஏழாக்கினாள். பிறகு ஒவ்வொரு மெஷினாக அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பதினொன்று சமத்தாக எழுந்தன. பன்னிரண்டாவது சாம்பிள் கவுண்டரில் இருந்தது. அங்கே எந்நேரமும் கூட்டம். பதினொன்று வந்தாயிற்று, இது மட்டும் வராமலா போய்விடும் என்று விட்டுவிட்டாள். கெட்டிக்காரர்கள் வழுக்கி விழுகிற இடம் அதுதான்.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. கவுண்டர் மெஷினை யாரும் அணைப்பதே இல்லையே. ஒரு சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியன், எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான், ஜெனரேட்டரைச் சோதித்துப் பார்க்க நாலே நிமிஷம் கரண்டை நிறுத்தினார். ஐம்பது தாண்டிய மனிதர். எட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட்டில் ஓடுகிற வேலை, வருஷா வருஷம் புதுக் கையெழுத்து. இந்த வருஷத்துக் கையெழுத்து அடுத்த வாரம்தான்.

கரண்ட் வந்தது. பன்னிரண்டாவது மெஷின் வரவில்லை. கறுப்புத் திரையில் 'கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை' என்று புலம்பிக்கொண்டிருந்தது. காரணத்தைப் பிடிக்க அவளுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. மற்ற மெஷின்களில் நெட்வொர்க் ஒயரைச் சொருகும் துளை ஒன்று. இதில் இரண்டு, ஒன்று சர்வருக்கு, இன்னொன்று இரத்தத்தை ஆராயும் கருவிக்கு. எந்தத் துளை வழியாகப் போய்ச் சர்வரைக் கேட்க வேண்டும் என்று சொன்ன ஒரே வரியை, வெட்டி வரி என்று அவள் தூக்கிப் போட்டிருந்தாள். திரும்ப எழுதினாள். மெஷின் உடனே எழுந்தது.

அதற்குள் இருபத்தாறு பேரின் இரத்தம் நேரம் கடந்து வீணாகிவிட்டது. எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுக் குத்தினார்கள். ஒரு வயதான அம்மாவுக்கு நரம்பே கிடைக்காமல் நாலு தடவை குத்தியதை அவள் கதவோரம் நின்று பார்த்தாள்.

மேனேஜர் வந்தார். "என்னம்மா ஆச்சு, மூணு மணி நேரமா?"

"கரண்ட் போனதுல..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"அதானே பார்த்தேன்! அந்த ஆளு ஜெனரேட்டரை நோண்டினாருல்ல!" என்று மீதியை அவரே முடித்துக்கொண்டார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. நான் பொய் சொல்லவில்லையே என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டாள், இரண்டு நாள் முழுக்க.

அன்று மத்தியானமே எலக்ட்ரீஷியன் அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காத தங்கச்சி. என்னாலதான் உன் மெஷின் படுத்துடுச்சாம். காலையிலேர்ந்து நீ பச்சத்தண்ணி கூட குடிக்கலன்னாங்க."

"பரவாயில்லண்ணே" என்றாள். அதைச் சொன்ன வாயைத் தைத்துவிடலாம்போல் இருந்தது அவளுக்கு. தன் தப்புக்கு இன்னொருவரை மன்னிக்கிறாளாம், பெரிய மகராசி!

திங்கட்கிழமை செய்தி பரவியது. எலக்ட்ரீஷியனுக்கு இந்த வருஷம் கையெழுத்து இல்லை, மாதக் கடைசியோடு சரி. செவ்வாய்க்கிழமை காலை அவள் பையைக்கூட வைக்காமல் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், சனிக்கிழமை நடந்ததுல அண்ணன் தப்பு எதுவும் இல்ல. தேவையில்லன்னு நெனச்சு நான்தான் ஒரு வரிய எடுத்துட்டேன். அந்த மெஷின்ல போட்டுப் பாக்கவும் இல்ல."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். விழவில்லை. "வேலை செய்யறவங்கதானேம்மா தப்பு பண்ணுவாங்க, விடுங்க. அவரை இருக்கச் சொல்லுங்க" என்று மேனேஜர் எலக்ட்ரீஷியனை நிறுத்த எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டார். அவளுக்கு ஒரு கடுஞ்சொல் கூடக் கிடையாது. எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் ஒரே பேச்சில் வேலையே போக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டோமே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனாலும் நல்ல செய்திதானே, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

ஜெனரேட்டர் அறையில் பேனல் திறந்து கிடந்தது. ஒயர்களையெல்லாம் கழற்றி, செய்தித்தாளை விரித்துத் திருகாணிகளை வரிசையாக வைத்திருந்தார் எலக்ட்ரீஷியன்.

"மூணு நாளா தேடுறேன் தங்கச்சி, எங்க தப்புன்னே பிடிபடல. போறதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயிடணும்னு பாக்குறேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போகவில்லை என்பதையும் சொன்னாள். வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்போ என் ஒயரிங் சரியாத்தான் இருக்கா?"

"சரியாத்தான் இருக்குண்ணே."

அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "கை போயிடுச்சுன்னே நெனச்சேன். வீட்ல ஒரு ஸ்விட்ச் மாத்தக்கூட பயந்துட்டேன், தெரியுமா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சனிக்கிழமை மத்தியானம் நான் உன் மேஜைக்கு வந்தேனே. அப்பவே தெரியுமா உனக்கு?"

இதற்கும் பாதி வாக்கியம் ஒன்று அவளிடம் தயாராகத்தான் இருந்தது. விழுங்கினாள்.

"தெரியும்ணே."

அவர் குனிந்து ஒரு திருகாணியை எடுத்துப் பேனலில் பொருத்தத் தொடங்கினார்.

"நான் எடுத்துக் குடுக்கட்டுமாண்ணே?"

"வேணாம். எது எங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க போங்க."

அவள் போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் நின்றாள். கடைசித் திருகாணி ஏறும்வரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.