லேப் அடுப்பில் வெந்த தம்ரூட்

பச்சையம்மா இரண்டு வருஷமாக அடுத்தவர் டின்னிலிருந்தே தின்றுகொண்டிருந்தாள். அதில் பசி ஆறாமல் இல்லை. மனசுதான் ஆறவில்லை.

ராயபுரத்தில், துறைமுகத்துச் சங்கு ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிற தூரத்தில் இருந்தது அந்த மருத்துவக் கல்லூரியின் பெண்கள் விடுதி. வார்டில் ராத்திரி வேலை உண்டென்பதால் பக்கத்துத் தெருவிலிருந்து படிக்க வந்தவளுக்கும் அங்கேதான் வாசம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கென்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வீட்டிலிருந்து யாருக்குப் பலகாரம் வந்தாலும் டின்னோடு சாப்பாட்டுக் கூடத்து நீள மேசைக்கு வந்துவிட வேண்டும். ஒளித்து வைத்துத் தின்று மாட்டிக்கொண்டவளுக்கு வருஷம் முழுக்கப் பட்டப்பெயர்தான். சொக்கம்மாளுக்குத் தெற்குச் சீமையிலிருந்து சீப்புச்சீடையும் மணகோலமும் ரயிலேறி வரும். ரஹீமுன்னிசாவுக்கு வண்ணாரப்பேட்டை பேக்கரியிலிருந்து நான்கட்டாய் பிஸ்கோத்து வரும். பச்சையம்மாவுக்குப் புளியந்தோப்பிலிருந்து அவள் அப்பா மட்டும் வருவார். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். மகள் டாக்டருக்குப் படிக்கிற கட்டடத்தை வாசலில் நின்று ஆசை தீரப் பார்த்துவிட்டுப் போவார்.

அவளும் ஒரு தடவை டின் கொண்டு வந்தவள்தான். முதல் வருஷம் அம்மா செய்து கொடுத்த கேழ்வரகு உருண்டை மேசைக்கு வந்தது. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. ஒருத்திக்கு அன்றைக்குப் பார்த்து விரதம், ஒருத்திக்குப் பல் வலி, சொக்கம்மாளுக்கு வயிற்று வலி. எல்லோரும் வைத்தியம் படிக்கிறவர்கள், வியாதிக்கா பஞ்சம். எந்தத் தெருவில், எந்தக் கை உருட்டியது என்பதுதான் அத்தனை வியாதிக்கும் மூலம் என்று பச்சையம்மாவுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவளும் அவள் அறைத்தோழி ரஹீமுன்னிசாவும் மூன்று நாள் உட்கார்ந்து அதைத் தின்று தீர்த்தார்கள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. தன் கையால் செய்த ஒன்றை, தன்னுடையது என்று தெரிந்தே, அந்த மேசையில் எல்லோரும் எடுத்துத் தின்ன வேண்டும். இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்கிறவர்கள் அந்த மேசையில் வேறு பக்கம் உட்கார்ந்திருந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அரிசி ரேஷன் கட்டுப்பாடு எடுத்த மறுவருஷம் அவள் கிருமியியல் வகுப்புக்கு வந்தாள். சனிக்கிழமைகளில் முறை வைத்து மாணவிகளே கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டுகளைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, லேபிலிருந்த மின்சார அடுப்பில் அடுக்கிச் சூடேற்றிக் கிருமி நீக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை, கதவைத் திறந்த பச்சையம்மா முகத்தில் அடித்த அனலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ரஹீமு, இத்தப் பாருடி. கீழயும் சூடு, மேலயும் சூடு. எங்க பக்கத்து வூட்டு அஜீசாம்மா தம்ரூட்டுக்கு இப்படித்தான் நெருப்பு போடும். சட்டிக்குக் கீழ கொஞ்சம், மூடி மேல கொஞ்சம். வுசிறிவுட்டுகினு நான்தான் குந்திகினு இருப்பேன்."

"அதுக்கு இன்னா இப்போ?"

"ரவை, சக்கரை, நெய், பாலு. முட்டை கூடக் கிடையாது. சொக்கம்மாளுக்குச் சாக்கே கிடைக்காது."

ரஹீமுன்னிசா கதவு பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "மாட்டுனா ரெண்டு பேரையும் தொரத்திடுவாங்கடி."

"மாட்டுனா நான் மட்டும்தான்னு சொல்லிக்கிறேன்."

"பேஜாரு புடிச்சவளே, அப்போ நான் இன்னாத்துக்கு கீறேன்?"

அந்த மாதம் முழுக்கப் பச்சையம்மா சர்க்கரை இல்லாத காப்பி குடித்தாள். தன் பங்குச் சர்க்கரையை டப்பாவில் சேர்த்தாள். புளியந்தோப்பிலிருந்த தன் அக்காவிடம் கெஞ்சி நெய் வாங்கினாள். அடுத்த முறை வந்த சனிக்கிழமை மதியம், லேபில் யாரும் இல்லாத நேரத்தில், லேபின் இரும்பு முக்காலியில் புது அலுமினியப் பாத்திரத்தை வைத்து, பரிசோதனைக்கு ஏற்றுகிற காஸ் விளக்கில் ரவையை வறுத்தாள். பாலும் சர்க்கரையும் சேர்ந்து கெட்டியானதும் டின்னில் கொட்டிச் சமன்படுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியத்தைப் புளியந்தோப்பில் சொன்னால் சிரிப்பார்கள். அந்த அடுப்புக்குள் எதையும் சுற்றாமல் வைத்துப் பழக்கமில்லாத கை, தம்ரூட் டின்னையும் பழுப்புக் காகிதத்தில் இறுக்கச் சுற்றி நூல் கட்டிவிட்டது. தட்டுகளுக்கு வைக்கிற அதே நூற்று அறுபது டிகிரி, அதே ஒரு மணி நேரம். பார்த்துக்கொண்டிருந்த ரஹீமுன்னிசாவும் அதே வகுப்புதானே, அவளுக்கும் அது தப்பாகவே படவில்லை.

கொஞ்ச நேரத்தில் நெய்யும் ஏலக்காயும் கிளம்பின. இத்தனை வருஷமாக அங்கே குடியிருந்த ஃபார்மலின் வாடை ஒரு ஓரமாக ஒதுங்கி வழி விட்டது. இருவரும் புத்தகத்தால் ஜன்னல் பக்கம் விசிறிவிட்டே களைத்துப்போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் எல்லோருக்கும் எதிரில் பச்சையம்மா நூலை அறுத்துக் காகிதத்தைப் பிரித்தாள். வாசனை என்னவோ ராஜ வாசனைதான். ஆனால் மேல்பக்கம் ஒரு பொட்டுக் கூடச் சிவக்கவில்லை. நன்றாகக் கன்றிச் சிவந்திருக்க வேண்டிய தம்ரூட், காகிதத்துக்குள் புழுங்கி வெளுத்துப்போய்க் கிடந்தது.

விடுதியைக் கவனித்துக்கொள்ளும் ரோஸ்மேரி அம்மாள் மேசைத் தலைமாட்டில் இருந்தாள். மூக்கு அவளுக்கும் உண்டு. "நல்லா மணக்குதே. எங்க இருந்து வந்தது? விடுதியில அடுப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

ரஹீமுன்னிசா முந்திக்கொண்டாள். "கடையில வாங்கினது மிஸ். வண்ணாரப்பேட்டையில."

அவ்வளவுதான். நாலு பக்கமிருந்தும் கைகள் டின்னை நோக்கி நீண்டன. கடையில் வாங்கியது என்றால் எந்தக் கை செய்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. பச்சையம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லோரும் தின்பார்கள். ஆனால் தின்பது வண்ணாரப்பேட்டைக் கடைக்காரனுடையதாக இருக்கும். ஒரு மாதமாகக் கசந்த காப்பி அவள் தொண்டைக்கு வந்தது.

"இல்ல மிஸ்," என்றாள். "நான்தான் செஞ்சேன். லேப் அடுப்புல வச்சேன். ரஹீமு எனக்காகச் சொல்லுது."

நீண்ட கைகள் நின்ற இடத்திலேயே நின்றன. மேசைக்கு அடியில் ரஹீமுன்னிசா அவள் காலை மிதித்தாள். ரோஸ்மேரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினாள். கிருமித் தட்டு வேகிற அடுப்பு. இதைவிட நல்ல சாக்கு எவளுக்குக் கிடைக்கும்? தன் ஆசைக்குத் தானே குழி வெட்டிக்கொண்டோம் என்று பச்சையம்மாவுக்கு அழுகை முட்டியது.

சொக்கம்மாள்தான் முதலில் பேசினாள். கிருமியியலில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள். "எத்தனை டிகிரி?"

"நூத்தி அறுபது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி."

"காகிதத்தை நடுவுல எப்பவாவது பிரிச்சியா?"

"இப்போ, உங்க எதிர்லதான் பிரிச்சேன்."

சொக்கம்மாள் மேசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாள். "அப்படின்னா இங்க சுத்தமான பண்டம் இது ஒண்ணுதான். என் சீடைக்குக் கூட அந்த உத்தரவாதம் கிடையாது." சொல்லிவிட்டு அவள் எடுத்துக்கொள்ளவில்லை. விரல் டின் விளிம்பிலேயே இருந்தது. முகம் சிவந்துவிட்டது. பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"அன்னைக்கு எனக்கு வயித்து வலி இல்ல, பச்சை."

ஒரு பெரிய துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த கணம் மேசையில் நடந்ததைச் சந்தைக்கடை என்றுதான் சொல்ல வேண்டும். ரோஸ்மேரி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு நீயே புரொபசர்கிட்டப் போய்ச் சொல்லணும். இந்த மாசம் பூரா சாப்பாட்டுத் தட்டு கழுவறது உங்க ரெண்டு பேர் வேலை," என்று தீர்ப்புச் சொன்னாள். சொன்ன கையோடு தன் பங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொருத்தியாகக் குறை சொல்லத் தொடங்கினார்கள். ரவை இன்னும் வறுபட்டிருக்கலாம் என்றாள் ஒருத்தி. ஏலக்காய் தூக்கல் என்றாள் இன்னொருத்தி. "மேல பாரு, ரத்தசோகை. இரும்பு டானிக் கொடுக்கணும்," என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னாள் சொக்கம்மாள். குறை சொல்லச் சொல்லப் பச்சையம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தின்னாமல் எப்படிக் குறை சொல்ல முடியும்? அவள் சிரித்துக்கொண்டே டின்னைக் கவிழ்த்துத் தட்டி, கடைசித் தூளையும் யாரோ நீட்டிய கையில் போட்டாள்.

"நீ துன்னியாடி?" என்று கேட்டாள் ரஹீமுன்னிசா.

"துன்னேன்," என்றாள் பச்சையம்மா.

பொய். ஒரு விள்ளல் கூட அவள் வாய்க்குப் போகவில்லை. ஆனால் இன்றைக்கும் டாக்டர் பச்சையம்மாவைக் கேட்டுப் பாருங்கள், அந்த மாதிரி ருசியாக ஒரு தம்ரூட் இந்தப் பட்டணத்திலேயே கிடையாது என்று அடித்துச் சொல்வாள்.