எஞ்ஜினுக்கு ஊற்றிய முதல் ஆயில்

ரொட்டிக்கடைக்காரருக்கு வீட்டிலும் கடையிலும் ஒரே பெயர்தான்: நிதானம். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை, மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. மாவு தானாகப் பொங்கும்வரை அதைத் தொடமாட்டார். அடுப்பு தானாகச் சூடேறும்வரை விறுவிறுப்புக் காட்டமாட்டார். அவசரப்பட்டால் ரொட்டி கல்லாகிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. ரொட்டி விஷயத்தில் அது உண்மைதான். உலகத்தில் இருப்பதெல்லாமே ரொட்டி என்று அவர் நம்பியதில்தான் வம்பு.

அவர் மனைவிக்கு மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. மலைக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த மருத்துவமனையில் ஆய்வகம் முழுவதையும் அவள் பொறுப்பில் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை சேரவேண்டும். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. பஸ்ஸை நம்பினால் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிய விஷயம். ஆக எல்லாம் வீட்டின் பழைய காரை நம்பியிருந்தது. அந்தக் காரோ மேட்டைப் பார்த்தாலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எஞ்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் புது ரிங்கும் போட்டுத் திரும்ப ஏற்றினான். நிதானம்தான் எடுபிடி. நட்டு கேட்டால் போல்ட்டைக் கொடுப்பார், ஆனால் துடைத்துப் பளபளவென்று கொடுப்பார். ஆயில் ஊற்றவேண்டிய நேரத்தில் மச்சினனுக்கு வெளியூரில் ஒரு லாரி வேலை வந்துவிட்டது.

"மாமா, சாதா மினரல் ஆயில் வாங்குங்க. புது எஞ்ஜினைப் பழக்குறதுக்கு அதான் சரி. ஃபில்டர் மட்டும் நல்லதா இருக்கணும், அதுல கஞ்சத்தனம் வேணாம். ஸ்டார்ட் பண்ணி, எங்கயும் கசியலேன்னு பாத்துட்டு உடனே ரோட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. வாசல்லயே நிக்க வெச்சு உறும விடாதீங்க."

"சரி மாப்ள, சரி. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் ஆயில் கடையிலேயே தெரிந்துவிட்டது. நல்ல ஃபில்டராகத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கினார். ஆயிலுக்கு வந்தபோது கடைக்காரர், "சாதாவா, சிந்தெடிக்கா?" என்றார்.

"எது உசத்தி?"

"சிந்தெடிக்தான். வழவழன்னு இருக்கும். தேய்மானமே இருக்காது."

தேய்மானமே இருக்காது என்றதும் நிதானத்தின் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கட்டின பெண்டாட்டி மலையேறப்போகிற வண்டிக்கு மட்டமான ஆயிலா? மச்சினன் பாவம், மாமாவுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று பார்த்திருக்கிறான். இப்படி அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, இருப்பதிலேயே உசத்தியானதை வாங்கிவந்து ஊற்றினார்.

அதோடு விட்டாரா? தினமும் காலையில், கடையில் மாவு பொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து எஞ்ஜினை ஸ்டார்ட் செய்வார். வாசலில் நிற்க வைத்தபடியே அது முனகுவதைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்பார். "ஓட்டிப் பாக்க வேணாமாங்க?" என்று மனைவி கேட்டால், "இப்பத்தானே கண்ணு முழிச்சிருக்கு, விடு" என்பார். மிஞ்சிப்போனால் தெருவை ஒரு சுற்று. அந்தச் சுற்றில் அவரைச் சைக்கிள்காரர்கள் மணி அடித்துக்கொண்டு தாண்டிப்போனார்கள்.

சனிக்கிழமை மனைவியே சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள். தெருமுனையில் திரும்பிக் கொஞ்சம் அழுத்தியதும் பின்னால் நீலமாகப் புகை கிளம்பிற்று. வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பால்காரர் காணாமல் போனார். இருமல் மட்டும் கேட்டது.

மச்சினன் அன்று சாயங்காலம் வெளியூரிலிருந்து நேராக வந்து இறங்கினான். ஃபில்டரைக் கழற்றி, அதன் தகரக் கூட்டைச் சுற்றி வெட்டி, உள்ளேயிருந்த மடிப்புக் காகிதத்தைப் பிழிந்து சமையலறை மேசையில் விரித்தான். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஆகா, எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றார் நிதானம்.

மச்சினன் முகம் தொங்கிப்போயிற்று. "முதல் ஃபில்டர் சுத்தமா இருக்கக்கூடாது மாமா. ரிங்கும் சிலிண்டரும் ரெண்டும் புதுசு. உரசி உரசித்தான் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும். உரசினா இரும்புத் தூள் பொடிப்பொடியா மினுமினுன்னு இதுல வந்து நிக்கணும்."

"எங்க கல்யாணத்துக்கப்புறம் முதல் வருஷம் மாதிரியா?" என்றாள் அக்கா.

"அக்கா, சிரிக்கற நேரமா? மாமா, என்ன ஆயில் ஊத்தினீங்க?"

நிதானம் சொன்னார். வாசலில் நிற்க வைத்து முனகவிட்டதையும் சேர்த்தே சொன்னார். மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வழுக்கிட்டே கிடந்தா எங்க மாமா பொருந்தும்? இப்படியே விட்டா சிலிண்டர் உள்பக்கம் கண்ணாடியாட்டம் ஆயிடும். ரிங் பிடிக்காது, ஆயில் மேல ஏறி எரியும். நாளைக்குக் காலைல சாதா ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு மலைல ஏத்திப் பாக்கலாம். நல்லா மிதிக்கணும், காலை எடுக்கணும், திரும்ப மிதிக்கணும். புகை நின்னுச்சுன்னா தப்பிச்சோம். இல்லேன்னா எஞ்ஜினைத் திரும்ப இறக்க வேண்டியதுதான்."

இறக்கினால் மறுபடி எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! நிதானம் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். தன் கையாலேயே எல்லா வெள்ளிக்கிழமையையும் கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குன்னு பாத்துப் பாத்து வாங்கினீங்க. அதுக்காக உங்கள அடிக்கவா முடியும்?" என்றாள்.

மறுநாள் காலையில் ஆயிலை மாற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனார்கள். முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் நிதானம்தான். செய்த தப்பைத் தானே சரிசெய்யவேண்டும் என்று பிடிவாதம். ஆனால் ஆக்சிலரேட்டரில் அவர் கால் முட்டைமேல் வைத்ததுபோல் நின்றது.

"மிதிங்க மாமா!"

"கத்துதுடா, பாவம்."

"கத்தட்டும்!"

"இறங்குங்க, நான் ஓட்டறேன்" என்றாள் மனைவி.

நிதானம் பின்சீட்டுக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். அவள் மிதித்தாள். எஞ்ஜின் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காலை எடுத்தாள், வண்டி முன்னால் குனிந்து வேகம் குறைந்தது. மறுபடி மிதித்தாள். ஒவ்வொரு தடவையும் நிதானம் காதை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். பாதி மலையில் பொறுக்கமுடியாமல் திரும்பிப் பார்த்தார். புகை இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ரோடு தெரிந்தது. அடுத்த வளைவில் மரங்கள் தெரிந்தன. அதன்பிறகு அவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இன்னும் மிதி, இன்னும்!" என்று கத்த ஆரம்பித்தார்.

மலை உச்சியில் வண்டியை ஓரம் கட்டினாள். மச்சினன் சைலன்சருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அக்காவை எஞ்ஜினை முடுக்கச் சொல்லி, ஒரு வெள்ளைத் துணியைப் புகைக்குழாய் வாயில் காட்டிப் பிடித்தான். எழுந்து துணியை விரித்தான். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை.

"பிடிச்சிருச்சு மாமா! ரிங் பிடிச்சிருச்சு!"

நிதானம் அவனைக் கட்டிப்பிடித்தார். நடுரோட்டில் ஒரு குதி குதித்தார். குதித்துத் திரும்பியபோது மலையின் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. கீழே கொத்தாக வீடுகள், நடுவில் வெள்ளையாக உயர்ந்த கட்டடம். மருத்துவமனை. அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. இத்தனை நாளும் வண்டி ஓடவேண்டும், ஓடவேண்டும் என்று தவம் கிடந்தாரே, எதற்கு ஓடப்போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க?" என்று கேட்டபடி மனைவி இறங்கி வந்தாள்.

"ஓடுது" என்றார். "நல்லாவே ஓடுது. அப்போ நீ சாயங்காலம் கெளம்பிடுவே."

அவள் அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஆயில் கறை அவள் கையிலும் ஒட்டியது. மச்சினன், பெரிய மனதோடு, சக்கரத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

நிதானம் மருத்துவமனைப் பக்கம் இறங்கும் ரோட்டைப் பார்த்தார்.

"போறப்ப மெதுவாப் போ" என்றார். "வெள்ளிக்கிழமை வர்றப்ப மிதிச்சு வா."