மதிலைத் தாண்டி வந்த வெந்நீர்

வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் தெருவில் அவர் பெயர் பாய்லர்காரர்தான். மழை பிடித்துக்கொண்டால் போதும், ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய சாயப்பட்டறைக்குப் போய்விடுவார். உடம்பு இங்கேயே இருக்கும், மனசு மட்டும் அங்கே.

துண்டுகளுக்குச் சாயமேற்றும் பட்டறை அது. தொட்டிகளுக்கு வெந்நீர் காய்ச்சுவது அவர் பொறுப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலை. பட்டறைப் புகை அங்கே அடுக்கியிருந்த பாட்டில்கள் மேல் கரியாகப் படியும். அதில் தொடங்கிய சண்டையில் இரண்டு முதலாளிகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வேலைக்காரர்களும் முதலாளிக்காக முறைத்துக்கொண்டார்கள். பாட்டில் தொழிற்சாலையில் உலை ஃபிட்டராக இருந்தவர் பாய்லர்காரர் மனைவியின் சொந்த அண்ணன். விடுமுறை நாளில் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும் மச்சானும் மாப்பிள்ளையும் வேலை நாளில் கேட் அருகே எதிர்ப்பட்டால் யாரோ எவரோ!

ஒரு மழைக்காலத்தில் விறகெல்லாம் ஊறிப்போனது. அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய துண்டுகள் பாதிச் சாயத்தில் நின்றன. பாய்லர்காரர் கண் சிவக்க வீட்டுக்கு வந்தபோது மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க சூடு இல்லாம சாகறீங்க மாப்ள. எங்க உலையச் சுத்தி ஓடற தண்ணி கொதிச்சுப் போய் வருது. அத ஆற வைக்கறதுக்குள்ள எங்களுக்கு உசிரு போகுது."

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி கரண்டியை ஓங்கினாள். "ரெண்டு பேரும் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டு எங்கிட்ட கதை சொல்றீங்களே, முதலாளிங்ககிட்ட சொல்ல வாய் வலிக்குதா?"

வாய் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் சொன்னார்கள். மறுநாள் முதலாளிகள் இருவரும் ஆளுக்கொரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பேசினார்கள்.

"உன் சாயம் கலந்து என் உலைக்கு வந்தா?" என்றார் பாட்டில் முதலாளி.

"கலக்காதுங்கய்யா. தொட்டிக்குள்ள சுருள் குழாய் போட்டுடுவோம். உங்க தண்ணி குழாய்க்குள்ளயே வந்து, சூட்டக் குடுத்துட்டு, குழாய்க்குள்ளயே திரும்பிடும். ஆற வைக்கற வேலையும் உங்களுக்கு மிச்சம்" என்றார் மச்சான்.

பாட்டில் முதலாளி சாய முதலாளியைப் பார்த்தார். "உன் புகை நிக்குமா?"

"நிக்கும்."

மதில்மேல் குழாய் ஏறியது. முதல் நாள் தொட்டியில் கை வைத்த பாய்லர்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. வெதுவெதுப்போடு சரி. வழியெல்லாம் மழை சூட்டைத் தின்றிருந்தது. மச்சான் கழிவுத் துண்டு மூட்டையை அவிழ்த்தார். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் குழாய் நெடுகச் சுற்றி, மேலே தார்ப்பாய் கட்டினார்கள். சாயங்காலம் தொட்டியில் ஆவி பறந்தது.

அடுத்த வருஷம் இரண்டு முதலாளிகளும் சேர்ந்து உலைப் புகைபோக்கியின் சூட்டையும் பிடித்து, நிரந்தரக் குழாய் பதித்தார்கள். பம்பு ஓட இரண்டு கூரைகளிலும் சூரியத் தகடுகள் வந்தன. விறகு லாரி வருவது நின்றது.

அணைந்த அடுப்பின் முன்னால் அன்று பாய்லர்காரர் வெகுநேரம் நின்றார். கொடியில் துணி கரி விழாமல் காய்வதில் ஊருக்கே சந்தோஷம். அவருக்கும்தான். ஆனால் கைக்கு வேலை இல்லையே! மச்சான் வந்து தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். மதிலை இடித்த இடத்தில் பம்பு அறை எழும்பியிருந்தது. இரண்டு ஆலைகளுக்கும் பொதுவான அறை. அதைப் பார்த்துக்கொள்ள பட்டறைப் பக்கம் பாய்லர்காரர், பாட்டில் பக்கம் மச்சான்.

அந்த அறையில் கழிந்த வருஷங்களைத்தான் இப்போது மழை கிளறிவிடுகிறது. பம்பின் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிப் பழகி, வீட்டிலும் கத்துவார்கள். ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு எதில் அதிகம் என்று சண்டை பிடிப்பார்கள். வால்வைத் திறப்பது யார் என்று தினமும் ஒரு பஞ்சாயத்து.

மச்சான் இப்போது மகளோடு தூரத்து ஊரில் இருக்கிறார். இன்று மழைக்கு நடுவே அவரே போன் செய்தார்.

"கத்தாதீங்க மச்சான், காது கேக்குது" என்றார் பாய்லர்காரர்.

"நீங்கதான் மாப்ள கத்தறீங்க!"

அடுப்படியிலிருந்து பாய்லர்காரர் மனைவி, "ரெண்டு பேரும்தான்!" என்று அவர்களைவிட உரக்கக் கத்தினாள்.