தவறணைக் குத்தகை

சீனிமுகம்மது ஹாஜியாருக்குத் திடீரென்று வரலாற்றுப் பசி எடுத்தது. சாய்ந்தமருதில் பிடவைக்கடை, சம்மாந்துறையில் அரிசி ஆலை, எல்லாம் இருந்தும் பள்ளிவாசல் தலைவர் பதவி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. போட்டிக்கு நின்ற ஜவுபர் இவரை நேற்றுப் பணக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆகவே இந்தக் கிழக்குக் கரையின் வணிக வரலாற்றைப் புத்தகமாகப் போட்டு, முதல் பக்கத்தில் தம் முப்பாட்டனாரை உட்கார வைப்பதென்று ஹாஜியார் முடிவெடுத்தார். மகள் றஸ்னாவுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. தலைவரின் மகளென்று கட்டிக் கொடுத்தால் அதன் அழகே வேறு.

மருதமுனை இன்ஷாப் வரலாறு படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பொடியன். அவனைக் கொழும்புச் சுவடிக்கூடத்துக்கு அனுப்பினார். வெள்ளைக்காரன் காலத்து நாட்குறிப்புகள், உரிமப் பத்திரங்கள், குத்தகைக் கோவைகள் என்று அவன் மாதக்கணக்கில் தூசி தின்றான். நெல் ஏற்றிய தோணிக்காரர்கள் இருந்தார்கள், சாரம் நெய்து விற்றவர்கள் இருந்தார்கள். முப்பாட்டனார் எங்கேயும் இல்லை. ஏதோ இன்ஷாப்தான் அவரை ஒளித்து வைத்திருப்பதுபோல ஹாஜியார் போனில் ஏசினார்.

பிறகு ஒருநாள் அவன் ஆதம்லெவ்வையைக் கண்டுபிடித்தான். சாராயம் விற்கும் தவறணையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். குத்தகைக் கோவையில் அவருடைய ஆண்மக்களின் பெயர்களும் இருந்தன. அதில் மூத்தவர் ஜவுபரின் பாட்டனார். ஹாஜியாருக்கு முப்பாட்டனார் மறந்தே போனார். கோவையில் உள்ளதை அப்படியே தமிழில் எழுதி அச்சுக்குக் கொடு என்றார். மிச்சத்தை அவர் வாசிக்கவில்லை. தாம் அச்சிடுவதை வாசிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் தகப்பன், அவருக்குப் பக்கத்தில் ஜவுபர். திரைக்குப் பின்னால் பெண்கள், அவர்களோடு ஹாஜியாரின் மனைவி சுல்பிகாவும் றஸ்னாவும். ஹாஜியார் மைக்கைப் பிடித்து, தவறணைப் பகுதியைத் தேன் நக்குவதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஊரார் ஜவுபரின் முகத்தைப் பார்த்தார்கள்.

ஜவுபர் கையிலிருந்த புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பினார். எழுந்தார். அடுத்த பந்தியைத் தாமே உரக்க வாசித்தார். குத்தகைப் பணத்துக்கு ஈடாக ஆதம்லெவ்வை ஒரு வீடும் வளவும் காட்டியிருந்தார். தவறணை வருமானத்தில் கட்டி, மகள் கதீசா உம்மாவுக்குச் சீதனமென்று ஒதுக்கிய வீடு.

"எங்கட பாட்டன் உடுத்த சாரத்தோட மாப்பிள்ளையாப் போன மனிசன். இந்தக் கரையில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே ஹாஜியார்? கதீசா உம்மா வளவுல இப்ப ஆரு இரிக்காங்க?" என்று கேட்டார்.

அது ஊருக்கே தெரியும். அந்த வளவின் பெயர் இன்றைக்கும் அதுதான். தாயிடமிருந்து மகளுக்கென்று இறங்கி இறங்கி அது சுல்பிகாவிடம் வந்திருந்தது. அடுத்து றஸ்னாவின் சீதனம். அதே வீட்டில்தான் ஹாஜியார் கலியாணம் முடித்த நாள் தொடக்கம் உண்டு உறங்கிக் கொழுத்திருந்தார்.

வேறொரு மனிதன் என்றால் வெட்கப்பட்டு மைக்கை வைத்திருப்பான். அல்லது ஆண்டாண்டு காலத்துக்கு முன் எவனோ செய்ததற்கு நாம் என்ன செய்வது என்று கேட்டிருப்பான். ஊரும் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஹாஜியார் ஒரு கணம் திரையின் பக்கம் பார்த்தார்.

"நான் அந்த ஊட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன். ஊடு என்ட பொஞ்சாதிர. அந்த ஹறாம் அவவுட ஆக்கள்ர. இண்டையிலரிந்து அந்த வாசல்ல நான் கால் வைக்க மாட்டன்" என்றார்.

மண்டபம் அல்லாஹு அக்பரென்று தக்பீர் சொன்னது. திரைக்குப் பின்னால் சுல்பிகாவின் இருபக்கமும் இருந்த பெண்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

மனைவியையே விட்டுக்கொடுத்த மார்க்கப் பேணுதலைக் கண்டு ஊர் உருகியது. அந்த வெள்ளிக்கிழமையே அவர் தலைவரானார். கடைக்கு மேல்மாடியில் குடியேறி, ஆளனுப்பி வீட்டிலிருந்த ஏசியைக் கழற்றி எடுத்தார். அது அவருடைய ஹலாலான காசில் வாங்கியதாம். சுவரில் இருந்த ஓட்டையை சுல்பிகா பழைய துணியால் அடைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டாரும் பேணுதலில் சளைத்தவர்கள் அல்லர். ஹாஜியாரே கால் வைக்காத வீட்டில் தங்கள் மகன் எப்படிக் கால் வைப்பான் என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு வீடு தந்தாலும் வேண்டாமாம். பெண் அந்த வீட்டில் வளர்ந்தவளாம்.

றஸ்னா தகப்பனுக்குப் போன் எடுத்தாள். அழக்கூடாதென்று நினைத்திருந்தாள், முடியவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் கேட்பார்கள் வாப்பா என்று கெஞ்சினாள். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் என்ன மகள் செய்ற? உம்மாட ஊடு அப்பிடி. நான் போய்ப் பேசினா என்ட பதவிக்குத்தான் கேடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துக்குதில்ல. உம்மாட்டச் செல்லி பகல் சோத்த மட்டும் பார்சல் கட்டி அனுப்பு. பின்வாசலால அனுப்பு, ஆக்கள் காணாம."

றஸ்னா போனை வைத்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடி உம்மாவிடம் சொன்னாள். உம்மா சட்டி பானையெல்லாம் போட்டு உடைப்பாள் என்று எதிர்பார்த்தாள். உடைக்க வேண்டுமென்று விரும்பினாள்.

சுல்பிகா எழுந்துபோய் அரிசியைக் களைந்தாள். மீனாணத்துக்கு அவருக்குப் பிடித்தமாதிரிப் புளியைக் கொஞ்சம் கூட விட்டாள்.