நேசமணி சாரின் பிஸ்டல்

சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. மற்றவை மசியவில்லை. மேசைமேல் கவிழ்ந்து கிடந்த புருஷனின் வலது கையிலிருந்து செண்பகவல்லி துப்பாக்கியை உருவப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை பிறகு. முதலில் இந்தச் சனியனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடியாக வேண்டும்.

"விடுங்களேன். செத்த பொறவுமா பிடிவாதம்?" என்றாள் அவன் காதோடு.

விடியலில் தம்பானூர் லாட்ஜுக்குக் கூட்டிப் பெருக்க அவள் கிளம்பும்போது லிங்கம் இதே நாற்காலியில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தான். நெஞ்சை என்னவோ அடைக்கிறது என்றான். வாயுவாக இருக்கும், இஞ்சி தட்டிப் போட்டுக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மத்தியானம் வந்து பார்த்தால் ஆள் விறைத்துக் கிடக்கிறான். சாய்ந்தவனின் நெற்றிப்பொட்டு போய் விழுந்த இடம், பளபளப்பு ஏற்றும் சிவப்புப் பசைக் கிண்ணம். ஒரு பக்க முகம் முழுக்கச் சிவப்பு. கையில் துப்பாக்கி. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

துப்பாக்கி என்றால் நிஜத் துப்பாக்கி இல்லை. ஏர்சாஃப்ட் பிஸ்டல், பிளாஸ்டிக் மணியைத் துப்பும் விளையாட்டுச் சாமான். வாங்கும்போது மூக்கு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பொம்மை என்று தெரிவதற்காக. பைக்குகளுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த லிங்கத்திடம் குறும்படம் எடுக்கும் பையன்கள் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணா, பார்த்தவன் பயப்படணும்" என்றார்கள். அவன் ஆரஞ்சு மூக்கைக் கழற்றினான். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தான். கருநீலம் பூசி, பென்சில் கரியைத் துணியில் தொட்டு உரசி, பல வருஷம் உறைக்குள் போய்வந்ததுபோல் விளிம்புகளில் மட்டும் வெள்ளி தெரிய விட்டான். பிடிக்குள் ஈயக்கட்டி வைத்துக் கனமேற்றினான். அப்புறம் கல்யாண ஃபோட்டோவுக்கு முறைக்கும் மாப்பிள்ளைகள், ரீல்ஸ் தாதாக்கள் என்று ஆள் வந்துகொண்டே இருந்தது. கரமனை வட்டாரத்து வீரத்தில் பாதி அவன் மேசையில் பாலிஷ் ஏறித்தான் வெளியே போனது.

இன்றைக்குக் கையில் இருந்த வீரம் நேசமணி சாருடையது. ரிட்டயர்டு போலீஸ், குடியிருப்போர் சங்கத் தலைவர். சர்வீஸ் முழுக்க ஸ்டோர் அறையில் லத்தியும் தொப்பியும் எண்ணிக் கொடுத்த மனிதர், ரிட்டயரான பிறகுதான் கொள்ளைக்காரர்களைப் பிடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவன் கூடுதலாக மாட்டினான். வருகிற ஓணவிழாவில் அவருடைய 'சர்வீஸ் பிஸ்டலை'ப் பட்டுத் தலையணையில் வைத்து, மந்திரி கையால் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. ரிட்டயரானவரிடம் சர்க்கார் எப்படித் துப்பாக்கியை விட்டுவைத்தது என்று கேட்கச் சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சாமான் பைபிள் உறைக்குள் ஜிப் போட்டு லிங்கத்திடம் வந்தது. "ஒரு குஞ்சுக்குத் தெரியக்கூடாது, கேட்டியா?" என்றார்.

செண்பகவல்லி அடுத்த விரலைப் பிடித்தபோது ஜன்னலில் நிழல் விழுந்தது. பக்கத்து வீட்டு ஷெமி.

"அய்யோ! லிங்கம் அண்ணன் வெடி வெச்சுச் செத்தே!"

சுட்டுக்கொண்டான் என்று தெருவுக்கே கேட்டது. அவ்வளவுதான். மகள் ஷிஜா ஜவுளிக்கடையிலிருந்து வந்து சேருவதற்கு முன்பே போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

எஸ்.ஐ. ரெனி சின்ன வயசு. எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழ் வரும். "சேச்சி, ரெண்டடி தள்ளி நில்லுங்க" என்றவர் குனிந்து, கைக்குட்டையால் நெற்றிப்பொட்டை ஒற்றி மோந்து பார்த்தார். "ரத்தம் இல்ல. காயமும் இல்ல. அட்டாக்காத்தான் இருக்கும். பட்சே இந்தச் சாமான்? பொம்மைன்னா ஆரஞ்சு மூக்கு எங்கே? யாரோடது?"

"பாலிஷுக்கு வந்தது சார்."

"கொடுத்த ஆள் வந்து, என்னோடதுதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். டாக்டரை வரவழைச்சு எழுதி வாங்கிட்டு நான் போயிடுவேன். இல்லேன்னா கேஸு. மெடிக்கல் காலேஜ், போஸ்ட்மார்ட்டம்."

அந்தக் கடைசிச் சொல் செண்பகவல்லிக்குப் பழைய சொல். விழிஞ்ஞத்தில் கட்டட வேலைச் சாரத்திலிருந்து விழுந்து செத்த தன் தம்பி உச்சிமாகாளியை லிங்கம் மார்ச்சுவரியிலிருந்து வாங்கி வந்து, தன் கையால் குளிப்பாட்டினான். அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை. "ஆட்டை அறுத்தா மாதிரி அறுத்துட்டானுவ செம்பகம். என்னை மட்டும் அப்படி விட்றாத" என்றான். கேட்டுக் கேட்டு வாங்கியவனில்லை அவன். புருஷன் என்று அவளிடம் கேட்டு வாங்கிய சத்தியம் அது ஒன்றுதான்.

நேசமணி சார் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். சாவு வீடானாலும் தலைவர் தலைவர்தான். அவள் அருகே போனாள்.

"சாரே, உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மெதுவாப் பேசுட்டி. நான் அவனுக்காவ ஜெபிச்சிட்டிருக்கேன்."

"கர்த்தர் பொறவு கேக்கட்டும். எஸ்.ஐ. இப்பக் கேக்காரு."

"மந்திரி வாறாரு பாத்துக்கோ. நோட்டீஸ் அடிச்சாச்சு. சர்வீஸ் பிஸ்டல்னு அதுலயே போட்டாச்சு. இப்பப் போயி விளையாட்டுச் சாமான்னு நான் எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?"

"அறுத்துருவாங்க சாரே."

"செத்தவனுக்கு நோவுமாட்டி?" என்று மிகவும் கனிவாகக் கேட்டார்.

அவள் திரும்பி வாசலைப் பார்த்துக் கத்தினாள். "சார், இவருதான்! இவருடையதுதான் அது!"

ரெனி வந்து பாதி சல்யூட் அடித்து மரியாதையாக விசாரித்தார். நேசமணி சார் மேடைக் குரலை எடுத்தார். "இத்தன வருசம் காக்கி போட்டவன் கையில பொம்மையா? புருஷன் போன சங்கடத்துல பாவம் என்னமோ சொல்லுகா. நீங்க உங்க டியூட்டியப் பாருங்க."

எஸ்.ஐ. தலையாட்டிவிட்டு ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டார். லாட்ஜில் பெருக்குகிறவள் சொல்லையும் சங்கத் தலைவர் சொல்லையும் ஒரே தராசில் வைக்க அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

ஷிஜா அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, கத்தாத, ஒச்ச வைக்காத. எல்லாரும் நோக்குது."

நேசமணி சார் வாசற்படியில் ஏறி, உள்ளே பார்த்து நின்று இரங்கலுரையை ஆரம்பித்துவிட்டிருந்தார். "மறைந்த லிங்கம் அவர்கள் உண்மைக்கும் உழைப்புக்கும்..."

செண்பகவல்லி கையை உதறிக்கொண்டு மேசைக்குப் போனாள். புருஷன் செய்யத் தினம் பார்த்த வேலைதான். விறைத்த கையை முழங்கையோடு தூக்கினாள். உடம்பும் கூடவே பாதி திரும்பியது, நாற்காலி கிரீச்சிட்டது. இடது கையால் பிஸ்டலின் மேல்தகட்டைப் பின்னுக்கு இழுத்து விட்டாள். குழல் வாசலைப் பார்த்தது. விசையில் கிடந்த புருஷன் விரல்மேல் தன் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள்.

டப்.

வெள்ளை மணி ஒன்று நேசமணி சாரின் தொப்பையில் பட்டுத் தெறித்து முற்றத்தில் உருண்டது. அதற்குள் சார் தரையோடு தரையாகப் படுத்திருந்தார், இரண்டு கையும் தலைமேல்.

"கொல்லாதட்டி! மணி போடக்கூடாதுன்னு சொல்லித்தானே அவன்ட்ட குடுத்தேன்!"

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் எல்லோரும் இருமினார்கள்.

"கேட்டீங்களா சார்? அவரே சொல்லிட்டாரு. அவர் வாயாலயே சொல்லிட்டாரு." செண்பகவல்லிக்கு மூச்சு வாங்கியது. "ஆம்புலன்ஸு வேண்டாம்னு சொல்லுங்க சார்."

ரெனி அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலில், வாசலில், மதில்மேல் நீட்டிக்கொண்டிருந்த ஃபோன்களைப் பார்த்தார். ஷெமி தன்னுடையதை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். ஒளித்து என்ன, போக வேண்டிய இடத்துக்கெல்லாம் அது போயாயிற்று. எஸ்.ஐ.யின் ஃபோன் அடித்தது, மேலிடம். விறைப்பாக நின்று, "சார்... சார்... கண்டு சார்" என்று மட்டும் பேசினார்.

"பாடியை எதுக்கு சேச்சி தொட்டீங்க?" என்றார் பிறகு. அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "செத்த மனுஷன் சுடுறதை ஊரே பாத்தாச்சு. இனி நான் எப்படி சாதாரணச் சாவுன்னு எழுதுவேன்?"

வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்த நேசமணி சார் முன்னால் வந்தார். "எஸ்.ஐ. சாரே, என்னோடதுதான். வேணும்னா நான் எழுதி ஒப்புப் போட்டுத் தாறேன்."

"அதைக் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம் சார்" என்றார் ரெனி.

மெடிக்கல் காலேஜ் மார்ச்சுவரியில் காக்கிச் சட்டை போட்ட உதவியாள் கோடித்துணியும் பஞ்சும் வாங்கிவரச் சொன்னான். ஷிஜா தலையாட்டினாள்.

"தைக்க நூலு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"நூல் இவிடெ உண்டு சேச்சி. வெள்ளை."

"வேண்டாம். நான் வாங்கித் தாறேன். அதுலயே தைங்க."

அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, "சீக்கிரம் வரணும்" என்றான்.

ரோட்டுக்கு எதிரே ஒரு ஃபேன்சி ஸ்டோர். கடைப்பெண் நூல்கண்டுப் பெட்டியைத் திறந்து வைத்து, "பிளவுஸ் என்ன கலர் ஆன்ட்டி?" என்று கேட்டாள். செண்பகவல்லி பெட்டிக்குள் கையை விட்டாள். ஷிஜாவின் கையைப் பிடித்து இழுத்து, வளையலை மேலே ஏற்றிவிட்டு, ஒரு கண்டை அவள் தோல்மேல் வைத்துப் பார்த்தாள். சிவப்படித்தது. இன்னொன்றை வைத்தாள். அது வெளுப்பு. கண்டும் கையுமாக மகளைக் கடை வாசலுக்கு, வெளிச்சத்துக்கு, நடத்திக்கொண்டு வந்தாள்.

"இதைவிட ஒரு பொடி கறுப்பா இருக்கா?"

கடைப்பெண் அடித்தட்டைத் தேடினாள். ஷிஜா, அப்பாவின் நிறத்திலிருந்த தன் கையை இன்னும் கொஞ்சம் வெயிலுக்கு நீட்டிக்கொண்டு நின்றாள்.