முன்னமே படித்த பாடம்

உயிரியல் டீச்சருக்கு, விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும் குன்றல் பகுப்பு தண்ணீர் பட்ட பாடு. ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேரும், துண்டுகளை மாற்றிக்கொள்ளும், நடுவில் வரிசை கட்டும், பிறகு ஆளுக்கொரு பக்கம் விலகும். இரண்டாம் பகுப்பில் ஒவ்வொன்றும் தானே இரண்டாகப் பிரிய, கடைசியில் பாதிக் குரோமோசோம்களோடு நான்கு செல்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். தனக்கு மூன்று கரு ஏன் கலைந்தது என்று கேட்டால் மட்டும் பதில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இன்று கணவனோடு மரபணு ஆலோசகரின் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

மாமியாரிடம் பதில் தயாராக இருந்தது. "சில வயிறு அப்படித்தான், எதையும் தங்க விடாது" என்பார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே. அப்போதெல்லாம் மகன் காது கேளாதவன் மாதிரி இருப்பான். பிறகு தனியாக வந்து அவள் கண்ணைத் துடைத்துவிடுவான். இரண்டாம் முறை கலைந்தபோது, "உன் லேப்ல தவளையை ஊறப் போடுற ஃபார்மலின் நெடிதான் காரணமோ என்னவோ" என்றான். மனுஷன் எவ்வளவு அக்கறையாக யோசிக்கிறான் என்று உருகிப்போனாள் பைத்தியக்காரி. பன்னிரண்டாம் வகுப்பையும் ஆய்வகத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு, ஆறாம் வகுப்புக்கு இலையின் பாகங்கள் நடத்தப் போனாள். அதற்குப் பிறகும் ஒன்று கலைந்தது.

"மேடம், உங்க ரிசல்ட் சுத்தமா இருக்கு" என்றாள் ஆலோசகர். "சாருக்குத்தான் ரெண்டு வேற வேற குரோமோசோம், நுனித் துண்டை மாத்திக்கிட்டு இருக்கு. எதுவும் தொலையல. அதனால அவர் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. விந்தணு உருவாகுறப்பதான் வம்பு."

டீச்சர் சட்டென்று கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், இடிந்துபோவானே என்று பதறியது. தன் மேல் குற்றமில்லை என்ற நிம்மதிகூட அப்புறம்தான் வந்தது.

ஆலோசகர் தாளில் வரைய ஆரம்பித்தாள். "சாதாரணமா ரெண்டு ரெண்டாத்தான் ஜோடி சேரும். இங்க துண்டு இடம் மாறிட்டதால நாலும் ஒண்ணாக் கூடியாகணும். கூட்டல் குறி மாதிரி நிக்கும். பிரியறப்ப ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம். இதுல எது எதோட போகுதுன்னா..." பேனா மக்கர் பண்ணியது. உதறிப் பார்த்தாள்.

"எதிரெதிர்ல இருக்கிறது சேர்ந்து போனா பிரச்சினை இல்ல" என்றான் கணவன். "பக்கத்துப் பக்கத்துல இருக்கிறது சேர்ந்து போனா ஒரு துண்டு கூடும், ஒரு துண்டு குறையும். அதுதான் கலையுது."

"கரெக்ட் சார்!" ஆலோசகருக்கு ஒரே சந்தோஷம்.

டீச்சர் கையை எடுத்துக்கொண்டாள். மரச்சாமான் கடையில் கணக்குப் பார்க்கிறவன். பத்தாவதில் தவளை வரையச் சொன்னதற்கு உருளைக்கிழங்கு வரைந்ததாகப் பெருமை பேசுகிறவன். நடத்தாத பாடத்துக்கு விடை சொல்லும் பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அதெல்லாம் வேறு எங்கோ முன்னமே படித்துவிட்டு வந்தவை.

"இதை எங்க படிச்சீங்க?"

"சும்மா... நெட்ல பார்த்தேன்."

"உங்களுக்கு இது இருக்குன்னே இப்பத்தானே சொன்னாங்க. அதுக்குள்ள எதைத் தேடினீங்க?"

அவன் மேசையைப் பார்த்தான். "அண்ணிக்குக் கலைஞ்சப்ப, அண்ணனுக்கு இது இருக்குன்னு தெரிஞ்சு எங்க வீட்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி. சொன்னா நீ வேண்டாம்னுடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"சரி, கல்யாணத்துக்கு முன்னாடி பயம். ஃபார்மலின்னு சொன்னீங்களே, அப்ப என்ன பயம்?"

கல்லுளிமங்கன், ஆலோசகர் வரைந்த தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். ஆலோசகர் தயங்கித் தயங்கி, முதலிலேயே தெரிந்திருந்தால் கருவை லேபில் உருவாக்கி, சோதித்து, நல்லதை மட்டும் கருப்பையில் வைக்க வழி இருந்தது, இப்போதும் இருக்கிறது என்றாள். மூன்று தடவையும் டீச்சர் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'உங்களுக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்க முடியலையே' என்று இவனிடம்தான் மன்னிப்புக் கேட்டாள். இவனும் பெரிய மனசு பண்ணி மன்னித்தான்.

"உங்க அம்மாவுக்கு போன் போடுங்க. யார் வயிறு எதைத் தங்க விடலைன்னு அவங்களுக்கும் முதல்லேருந்து நடத்துங்க."

"அம்மாவை எதுக்கு இதுல..." என்று இழுத்தான். அவன் போனைப் பிடுங்கி அவளே எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

இவர்கள் வாயைத் திறப்பதற்குள் மாமியாரின் குரல் முந்திக்கொண்டது. "என்னடா, ரிசல்ட் வந்துடுச்சா? அவளுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, போனை நோக்கிக் குனிந்தாள்.

"தெரிஞ்சுபோச்சு அத்தை. உங்க பையன் இங்கதான் உட்கார்ந்திருக்காரு. வந்து கூட்டிட்டுப் போங்க."